ஒரு கப் மா 250 கிராம் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் சமையல் பக்கத்தில் பட்டர் கேக் செய்முறைக்குக் கீழே ஒரு கட்டம் போட்டு, "1 கப் = 250 கிராம்" என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். மாவுக்கா, சீனிக்கா, பட்டருக்கா என்று ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கணக்கு. உங்கள் சமையல் பக்கத்தை வெட்டியெடுத்துக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. அதனால்தான் பேசாமல் இருக்க முடியாமல் எழுதுகிறேன்.

நான் கோண்டாவிலில் இருந்து ஓடருக்குப் பலகாரமும் கேக்கும் செய்து கொடுப்பவள். கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி, வெளிநாட்டுப் பார்சல் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். நல்லூர்த் திருவிழா நேரம் என்றால் மூச்சு விட நேரம் கிடையாது. விற்பது கிலோக்கணக்கில் என்பதால் செய்வதையும் நிறுத்துச் செய்துதான் எனக்குப் பழக்கம். இல்லாவிட்டால் முதலே கையைக் கடித்துவிடும்.

உங்கள் கட்டம் எங்கிருந்து வந்தது என்பது விளங்குகிறது. அளக்கிற கப்பில் 250 மில்லிலீற்றர் பிடிக்கும். 250 மில்லிலீற்றர் தண்ணீர் 250 கிராம் நிற்கும். அதுவரைக்கும் சரி. ஆனால் கேக்கில் தண்ணீரா போடுகிறோம்? அதே கப்பில் கோதுமை மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டு மட்டம் தட்டினால் 130 கிராம் அளவில்தான் நிற்கும். சீனி 210 வரும். ரவை 175 அளவில் வரும். பட்டர் 240. தேங்காய் எண்ணெய் 230. தேன் 350ஐத் தாண்டும். தேங்காய்ப்பூவை அமுக்காமல் போட்டால் நூறைத் தொடுவதே அபூர்வம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் அடர்த்தி என்று படித்தோமே, அதுதான் இது. படித்த பிள்ளைகள் அதைச் சோதனையோடு விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் பட்டர் கேக்கில் மா 2 கப், சீனி 1 கப், பட்டர் 1 கப், முட்டை 5. கப்பாலேயே அளந்து செய்தவர்களுக்கு ஒரு குறையும் வந்திராது. நல்ல செய்முறைதான், நானும் ஏறக்குறைய அப்படித்தான் போடுவேன். சிக்கிக்கொண்டவர்கள், கையில் தராசு வைத்திருந்து கட்டத்தை நம்பினவர்கள். பட்டரில் பத்துக் கிராம் கூடினால் ஒன்றும் கெட்டுப்போகாது. சீனியில் நாற்பது கூடினால் கொஞ்சம் தித்திக்கும், மேல் சிவக்கும், அவ்வளவுதான். மாவில் என்ன நடக்கும்? 260 கிராம் போடவேண்டிய இடத்தில் 500 கிராம். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குக் கனடாவில் இருக்கும் சித்தி ஒரு டிஜிற்றல் தராசு அனுப்பியிருந்தா. அந்தப் பிள்ளை தட்டோடு கேக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "அன்ரி, நான் கிராம் பிசகாமல்தானே நிறுத்தனான்?" என்று கேட்டது. கத்தி இறங்கவில்லை. அம்மிக்குழவியை வெட்டுகிற மாதிரி இருந்தது. அது நிறுத்ததில் ஒரு பிழையும் இல்லை, நிறுக்கச் சொன்ன கணக்குத்தான் பிழை. பட்டர் விற்கிற விலைக்கு, 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற சனத்துக்கு, ஒரு கேக் வீணாவது சின்ன விஷயம் இல்லை என்பதை நீங்களும் அறிவீர்கள்.

சரி, "1 கப் மா = 130 கிராம்" என்று திருத்திப் போட்டால் முடிந்துவிடுமா என்றால், அதுவும் முழுக்க முடியாது. மா அள்ளுகிற கையைப் பொறுத்து ஆடும். பேணிக்குள் கப்பை நேரே குத்தி அள்ளி மட்டம் தட்டினால் 150க்கு வந்துவிடும். அள்ளிய கப்பை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்துக்கு இன்னும் கொஞ்சம் போட்டு நிரப்பினால் 170 வரைக்கும் ஏறும். ஒரே கப், ஒரே மா, ஒரே ஆள். இவ்வளவு வித்தியாசம். அரித்த மாவா, அரிக்காத மாவா என்பது வேறு. "2 கப் மா, அரித்தது" என்று போடுகிறீர்கள். அரித்த பிறகு அளப்பதா, அளந்த பிறகு அரிப்பதா? கிராமில் சொன்னால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 260 கிராம் மா அரித்தாலும் 260 கிராம்தான், அரிக்காவிட்டாலும் 260 கிராம்தான்.

இதிலும் எங்கள் ஊர்ச் சமையலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளியூர்ச் செய்முறைகளைப் பார்த்து எழுதுபவர்களுக்கு இது தெரியாது. நாங்கள் கோதுமை மாவைப் பச்சையாக மட்டுமா பாவிக்கிறோம்? முறுக்குக்கும் இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் மாவைத் துணியில் கட்டி அவித்தெடுக்கிறோம். அவித்த மா கட்டிகட்டியாகத்தான் வரும். சூடு ஆற முன்னம் உதிர்த்து அரித்துவிட வேண்டும், ஆறவிட்டால் இறுகிப்போய்ச் சுளகில் உருளும். அரித்து முடிந்த மாவை அள்ளிப் பார்த்தால் பொலபொலவென்று காற்றுப் பிடித்திருக்கும். ஒரு கப்பில் பச்சை மாவளவுக்கு அது கொள்ளாது. அதே நேரம் ஆவி குடித்ததால் மொத்த நிறை கொஞ்சம் கூடியும் இருக்கும். ஆகவே "அவித்த மா 3 கப்" என்றால் ஒரு கணக்கு, "3 கப் மா அவித்தது" என்றால் இன்னொரு கணக்கு. நான் எப்போதும் அவிக்க முன்னம் நிறுத்துத்தான் கொப்பியில் எழுதி வைப்பேன். அரைக்கிலோ மா என்றால் அரைக்கிலோ பச்சை மா. அதற்குப் பிறகு அது எப்படிப் பூத்தாலும் கவலையில்லை.

அரிசிமா இன்னும் மோசம். ஒரு கிலோ பச்சையரிசியை ஊறப்போட்டு, வடித்து, மில்லில் அரைத்துக்கொண்டு வந்து நிறுத்துப் பாருங்கள். கிலோவைத் தாண்டி நிற்கும். அரிசி குடித்த தண்ணீருக்கும் சேர்த்துத்தான் தராசு கணக்குச் சொல்கிறது. அதையே தாச்சியில் போட்டு வறுத்தெடுத்தால் கிலோவுக்குக் கீழே வந்துவிடும். எனவே "அரிசிமா 500 கிராம்" என்று மொட்டையாகப் போட்டாலும் சரியில்லை. நிறை சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. சீனி அரியதரத்துக்கு ஈரமா வேண்டும். காயவிட்டால் பலகாரம் இறுகிவிடும். அந்த ஈரம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். அதற்கு ஊறப்போட முன்னம் இருந்த காய்ந்த அரிசியின் நிறையைத்தான் போடவேண்டும். வேறு எந்த நிறையும் நம்பக்கூடியதல்ல.

அடுத்தது அந்தக் கப். எந்தக் கப்? அமெரிக்கச் செய்முறையில் வருகிற கப் 237 மில்லிலீற்றர் அளவு. அங்கேயே உணவுப் பக்கற்றில் போடுகிற விபரத்துக்கு 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் 250. யப்பானில் 200. ரைஸ் குக்கர் வாங்கும்போது உள்ளே ஒரு பிளாஸ்ரிக் கப் வருமே, அது இது எதுவும் இல்லை, 180. யப்பான்காரர் பழைய காலத்தில் அரிசி அளந்த அளவு அது. எங்கள் வீடுகளில் "அளக்கிற கப்" என்று பலபேர் இறாக்கையில் வைத்திருப்பது அந்த ரைஸ் குக்கர்க் கப்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சோறு அவிக்க அது நல்லது. உள்சட்டியில் போட்டிருக்கும் தண்ணீர்க் கோடுகள் அதற்கேற்றபடிதான் இருக்கும். அதைக் கொண்டு கேக்குக்கு மா அளந்தால், எல்லாச் சாமானும் அதே கப்பால் அளக்கிறவரைக்கும் பெரிய பிழை வராது. ஆனால் முட்டை ஐந்து ஐந்துதானே? முட்டை கப்புக்கு ஏற்றபடி சுருங்காது. கேக் அவித்த மாதிரி வந்ததென்று பிறகு என்னிடம் கேட்பார்கள்.

மேசைக்கரண்டியும் அப்படித்தான். இங்கேயும் இலண்டனிலும் 15 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியாவில் 20. மெல்பேணில் இருக்கும் என் மச்சாள் வட்ஸ்அப்பில் அனுப்புகிற செய்முறையில் "நாலு மேசைக்கரண்டி" என்றால் எனக்கு ஐந்தே காலுக்கு மேல் வரும். அவவுக்கு இதைச் சொன்னால், "எனக்கு இங்க சரியாத்தானே வருகுது" என்பா. அவவுக்கு அங்கே சரியாகத்தான் வரும்.

அவுன்ஸையும் விடக்கூடாது. பழைய கேக் கொப்பி உள்ள வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. "8 அவுன்ஸ் மா" என்றால் நிறை, 227 கிராம். "8 அவுன்ஸ் பால்" என்றால் கொள்ளளவு. நல்லகாலம், பிரித்தானிய அவுன்ஸில் ஒரு அவுன்ஸ் தண்ணீர் ஒரு அவுன்ஸ்தான் நிற்கும், எங்கள் அம்மாமார் எழுதினது அந்தக் கணக்கு. அதனால் பாலையும் தராசில் வைத்து 227 என்று நிறுத்தாலும் தலை போகாது. மாவை மட்டும் பால் அளக்கிற கப்பில் 8 அவுன்ஸ் கோடு வரைக்கும் நிரப்பிவிடாதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். அந்தக் கொப்பிகளில் கேக் எல்லாம் இறாத்தல் கணக்கு. ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் மா. எழுதவும் சுகம், நினைவு வைத்திருக்கவும் சுகம். இறாத்தல் என்பது 454 கிராம். கடையில் இன்றைக்கும் "ஒரு இறாத்தல் பாண்" என்று கேட்டுத்தான் வாங்குகிறோம், கொடுப்பது 450 கிராம் பாண். எங்கள் அம்மாமார் நிறைக்கணக்கில்தான் கேக் அடித்தார்கள் என்பதை நினைக்க, இந்தக் கப் எப்போது உள்ளே வந்தது என்று சில நேரம் யோசிப்பேன்.

அரிசி அளக்கிற பேணியான சுண்டைப் பழிக்க நான் வரவில்லை. கூப்பன் காலத்தில் கொத்தாலும் சுண்டாலும் அளந்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாலு சுண்டு ஒரு கொத்து, ஒரு கொத்து அரிசி ஏறக்குறைய இரண்டு இறாத்தல். ஆக ஒரு சுண்டு அரிசி 225 கிராமுக்குக் கிட்ட. இது அரிசிக்கு மட்டும். அதே சுண்டில் மாவைப் போட்டால் 150ஐ எட்டாது. அரிசிக்கும் தண்ணீருக்கும், பயறுக்கும் தண்ணீருக்கும் சுண்டுக்கு மிஞ்சின அளவு இல்லை. ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு இரண்டரை என்று விகிதம் பார்க்கிற இடத்தில் எந்தப் பேணியாக இருந்தாலும் ஒரே பேணியாக இருந்தால் போதும். பிட்டுக்கு மா குழைக்க எத்தனை மில்லிலீற்றர் தண்ணீர் என்று கேட்டால் நானே சிரிப்பேன். அது கைக்குத்தான் தெரியும். ஒடியற் கூழுக்குக் கிராம் கணக்குப் போடுங்கள் என்று நான் உங்களைக் கேட்கப் போவதில்லை. அந்தப் பானைக்குள் என்னென்ன போகிறது என்று போட்டவருக்கே முழுக்கத் தெரியாது.

சின்ன அளவுகளுக்கும் கரண்டியே நல்லது. சாதாரண வீட்டுத் தராசு ஒரு கிராம், இரண்டு கிராமை நம்பி நிறுக்காது. பேக்கிங் பவுடர், ஏலக்காய்த்தூள் எல்லாம் தேக்கரண்டிதான். ஆனால் தேக்கரண்டி என்றால் அளவுக்கரண்டி, 5 மில்லிலீற்றர். தேத்தண்ணி கலக்கிற கரண்டி அல்ல. உப்பில் மட்டும் ஒரு சொல் கூடப் போடுங்கள், தூளுப்பா கட்டியுப்பா என்று. தூளுப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம் வரும். ஆனையிறவுக் கட்டியுப்பை அதே கரண்டியில் அள்ளினால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் காற்றுத்தானே நிற்கிறது, அவ்வளவு வராது.

முட்டையையும் பாருங்கள். 2023இல் அரசாங்கம் முட்டைக்குக் கிலோக்கணக்கில் உச்ச விலை போட்டு வர்த்தமானி விட்டது. கடைக்குப் போனால் நாங்கள் எண்ணித்தான் வாங்கினோம், இன்றைக்கும் எண்ணித்தான் வாங்குகிறோம். பெரிய முட்டையை உடைத்து ஊற்றினால் 50 கிராம் வரும், ஊர்க்கோழி முட்டை அதற்கு எவ்வளவோ குறைய. "முட்டை 5, உடைத்து ஊற்றினால் 250 கிராம்" என்று எழுத எவ்வளவு இடம் பிடிக்கும்?

"எல்லார் வீட்டிலும் தராசு இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லை. அதற்கும் வழி இருக்கிறது. கடையில் கால்கிலோ மா நிறுத்து வாங்குங்கள். வீட்டில் உள்ள வெளிச்சம் தெரிகிற பிளாஸ்ரிக் பேணியில் அதைக் குலுக்காமல் கொட்டி, எந்த மட்டத்தில் நிற்கிறதென்று மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் "மா 250" என்று எழுதுங்கள். சீனிக்கு வேறு கோடு, ரவைக்கு வேறு கோடு. ஒருநாள் மினக்கெட்டால் போதும், பிறகு அது உங்கள் வீட்டுத் தராசு. குலுக்கினால் கோடு பொய் சொல்லும், அதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். தராசு வைத்திருப்பவர்கள் அதை ஒரு தரம் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒரு பாத்திரத்தை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, ஒரு லீற்றர் தண்ணீரை ஒழுங்கான அளவுச் சாடியால் அளந்து ஊற்றினால் கிலோவுக்குக் கிட்ட நிற்க வேண்டும். பற்றரி குறைந்தால் சில தராசு கண்டபடி ஓடும். மேசை ஆடினாலும் ஓடும்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்தக் கட்டத்தைத் திருத்தி, கட்டம் வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஆறாம் பக்க மூலையில் "தவறுக்கு வருந்துகிறோம்" என்று போட்டால் சுவரில் ஒட்டினவர்கள் பார்க்கமாட்டார்கள். இனிமேல் மா, சீனி, பட்டர், ரவை, கஜு எல்லாவற்றையும் கிராமிலேயே போடுங்கள். கப்பில்தான் போடுவோம் என்று நின்றால், செய்முறையின் தலையில் எத்தனை மில்லிலீற்றர்க் கப் என்று ஒரு வரி போடுங்கள். எழுதி அனுப்புகிற சகோதரிகளிடமும் ஒரு தரம் நிறுத்து அனுப்பும்படி கேளுங்கள். கப்பை எடுத்து 250ஆல் பெருக்கிக் கிராமாக்குகிற வேலையை மட்டும் அலுவலகத்தில் இருந்துகொண்டு யாரும் செய்யவேண்டாம்.

தீபாவளிக்குப் பயற்றம் பணியாரம் போடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் பயறு எவ்வளவு என்று போடும்போது, வறுக்க முன்னம் நிறுத்த பயறா, வறுத்துக் கோது நீக்கி அரைத்த மாவா என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். கோதிலும் ஈரத்திலும் போகிற நிறை கொஞ்சநஞ்சம் இல்லை. சர்க்கரைப் பாகு அந்த மாவுக்குத்தான் கணக்கு.

இப்படிக்கு,
பலகார ஓடர் செய்யும் வாசகி,
கோண்டாவில்.